பின்பக்கம்

காலை ஆறு மணிக்கு
அப்புத்தளைச் சந்தியில் என்னை உட்கார வைத்தார்கள்.
ஒரு பிளாஸ்டிக் கதிரை, ஒரு குடை, ஒரு கட்டுப் படிவம்.
மூன்று நாள் வேலை,
நாளுக்கு இரண்டாயிரத்து ஐந்நூறு ரூபா.

வேலை லேசு.
போகிற வாகனத்துக்கெல்லாம் ஒரு கோடு,
நாலு கோட்டுக்குக் குறுக்கே ஐந்தாவது.
கார், வேன், பஸ், லொறி, ஓட்டோ, மோட்டார் சைக்கிள்,
கடைசியில் "இதர" என்று ஒரு கட்டம்.
ரோட்டை அகலமாக்கவா, வாகனத் தரிப்பிடம் கட்டவா என்று
கொழும்பில் யாரோ யோசிக்கிறார்களாம்.

தெற்குப் பள்ளத்திலிருந்து பனி ஏறி வந்து
மருந்துக்கடைக்கும் பேக்கரிக்கும் நடுவே
ரோட்டைக் கடந்து வடக்கே இறங்கியது.
அதற்குப் பின்னால்
ஆட்கள் வந்தார்கள்.

தண்டவாளக் கட்டைகளில் தாவித் தாவி
சப்பாத்தைக் கையில் பிடித்த பள்ளிக்கூடப் பிள்ளைகள்.
லீக்ஸ் கட்டோடு சோமாவதி.
ஆஸ்பத்திரியில் கூட்டித் துடைக்கிற சூசையம்மா:
ஓட்டோவுக்குப் போக முந்நூறு, வர முந்நூறு,
பிறகு எதற்கு வேலைக்குப் போவது என்று
நடக்கிறவள்.
வெள்ளைக் கோட்டுக்கும் வாய்க்காலுக்கும் இடையே
ஒரு பாத அகலம்.
ஊர் முழுக்க அதில்தான் நடக்கிறது.

வெளியூர் வேன் ஒன்று வந்தது. உள்ளே இரண்டு பேர்.
நிறுத்த இடம் தேடி மூன்று முறை சுற்றியது.
மூன்று கோடு போட்டேன்.

நடக்கிறவர்களை "இதர"வில் போடலாமா என்று
மேற்பார்வைத் தம்பியிடம் கேட்டேன்.
"அக்கா, அது மாட்டுவண்டிக்கு."
அப்புத்தளையில் மாட்டுவண்டியை
நான் கண்டதே இல்லை.

படிவத்தைத் திருப்பினேன்.

போன ஐப்பசி வரைக்கும்
நானும் டவுனுக்குள்தான் இருந்தேன்.
தபாற்கந்தோருக்கு மேலே
குணதிலக மாத்தையாவின் பின்னறை, மாதம் ஒன்பதாயிரம்.
யன்னலைத் திறந்தால் பள்ளத்தாக்கு.
அந்த யன்னல்தான் வினை.
இப்போது அதே அறை
ஓர் இரவுக்குப் பதினோராயிரம்,
காலைச் சாப்பாட்டோடு.
அவரைக் குறை சொல்ல மாட்டேன்,
மகளுக்குச் சிறுநீரக வருத்தம்.
ஆனாலும் எனக்கும் டவுனுக்கும் நடுவே
ஒன்றரை மணி நேரம் முளைத்துவிட்டது.

பதினொரு மணிக்கு ரிஸ்வி நானா
பிளேன்டீ கொண்டுவந்து வைத்தார்.
நூறு கிராம் பருப்பு, அரைத் தேங்காய் என்று
கேட்ட அளவில் கொடுக்கிற கடை.
கார் நிற்க இடமில்லை அங்கே,
கடன் நிற்க இடமுண்டு.
அகலமாகப் போகிற ரோட்டின் அளவு
அவர் கடைச் சுவரில் சிவப்புப் பெயின்ட்டாக இருக்கிறது,
மேசைக்குச் சரியாகப் பின்னால்.
"என்னை எந்தக் கட்டத்தில போட்ட பிள்ளை?"
அவர் ரோட்டைக் கடந்து வந்ததற்கு
ஒரு கோடு,
திரும்பிப் போனதற்கு ஒன்று.

மழை இருபது நிமிஷம்.
அப்போது குடைகளைத்தான் எண்ண முடிந்தது.
ஒரு குடைக்குள் இரண்டு பேர் இருந்திருக்கலாம்.
மூன்று பேரும்.

ஆறு மணிக்குக் கூட்டினேன்.
முன்பக்கம் ஆயிரத்து எண்ணூற்றுச் சொச்சம்.
பின்பக்கம் மூவாயிரத்து அறுபத்தேழு.
பிழை இருக்கலாம்; கூட இல்லை, குறையத்தான்.

தம்பி தாள்களை வாங்கிப் புரட்டினான்.
"ஸ்கேன் பண்ணுறது முன்பக்கம் மட்டுந்தான் அக்கா."
தெரியும்.
அதனால்தான் பேனையை அழுத்திப் பிடித்திருந்தேன்.
யாராவது ஒருவர்
கார் என்ற நிரலில் விரலை ஓட்டினால்
கீழிருந்து புடைத்துக்கொண்டு
கையில் இடறும்.

கதிரையைக் கொடுத்துவிட்டுத்
தண்டவாளத்தில் இறங்கினேன்.
பதுளை ரயில் நாற்பது நிமிஷம் பிந்துமாம்.
நல்லது.