பதின்மூன்று சென்ட் மிச்சம்

வீடு ஐந்து சென்டில் முடிந்துவிட்டது.
மிச்சம் பதின்மூன்று,
வெயிலுக்குப் பட்டா எழுதிக் கொடுத்த மாதிரி
வெறும் மணல்.
தவளக்குப்பம் என்று பெயர்.
பெயரில் இருக்கிற தவளை
ஒருநாளும் எங்கள் பக்கம் வந்து கத்தியதில்லை.

பூவராகனுக்குப் பச்சை வேண்டும்.
மஸ்கட்டில் பதினோரு வருடம்
ஓட்டல் வாசலில் கார்களுக்குக் கதவு திறந்தவன்.
யாரோ நடப்பதற்கான புல்லுக்கு
விடிகாலை நாலு மணிக்கே நீர் தெளிப்பதை
தினமும் பார்த்தவன்.
“அதே மாதிரி, வாசலிலிருந்து மதில் வரைக்கும்.”
வீசிக் காட்டிய கை
எங்கள் எல்லையைத் தாண்டி
பக்கத்துச் சவுக்குத் தோப்பில் போய் நின்றது.

போர் நூற்று நாற்பது அடி.
தை மாதம் இனித்தது.
மாசியில் பருப்பு வேக மறுத்தது.
பங்குனியில் டீ திரிந்தது.
நான் எதுவும் சொல்லாமல்
டம்ளரை அவன் முன்னால் வைத்தேன்.
கடலுக்கும் நமக்கும் நடுவில்
எவ்வளவு மண் மிச்சம் என்று
நாக்கு சொல்லிவிடும்.

நர்சரி அந்துவான் நாலு தட்டு கொண்டுவந்தார்.
கொரியன், மெக்சிகன், பெர்முடா.
நாலாவதற்கு வாயில் நுழையாத பெயர்;
உப்பைக் குடித்தே வளருமாம்.
அதன் விலைக்கு மட்டும் குரலைத் தாழ்த்தினார்.
பெர்முடாவைக் கிள்ளி முகர்ந்து
“இது நம்ம அருகம்புல்தானே” என்றேன்.
“அவனேதான் மேடம். பாஸ்போர்ட் எடுத்துட்டான்.”

நான் ரத்தப் பரிசோதனைக் கூடத்தில் வேலை பார்ப்பவள்.
மாதிரி எடுக்காமல் எதையும் நம்புவதில்லை.
குழாயடிக்குக் கிழக்கே
நாலு சதுர அடி வெட்டி
தேதி எழுதி ஸ்டிக்கர் ஒட்டினேன்.
அதே உப்புத் தண்ணீர், அரை லிட்டர் ஜக்கு,
மாலை ஆறு மணி.
பிறகு ஒருநாள் விட்டு ஒருநாள்.
பிறகு மூன்று நாளுக்கு ஒருமுறை.
சித்திரை முழுக்க
காலண்டர் தாள்களின் முதுகில்
நாலு நோயாளிகள்.

கொரியனுக்கு முதலில் மஞ்சள் காமாலை.
மெக்சிகன், ஊசியைப் பார்த்த குழந்தையாய்
கையை மடக்கிக்கொண்டது.
பாஸ்போர்ட் எடுத்தவன் தாக்குப்பிடித்தான்,
ஆனால் பச்சை என்று எழுத
மனசாட்சி இடம் தரவில்லை.
நாலாவது மட்டும்
ஒன்றுமே நடக்காத மாதிரி இருந்தது.
அதற்கும் மூன்று நாளுக்கு ஒரு ஜக்கு.
பெருக்கிப் பார்த்தேன்:
ஐயாயிரத்து அறுநூற்றுச் சொச்சம் சதுர அடி,
ஒரு வேளைக்கு இரண்டாயிரத்து எண்ணூறு லிட்டர்.
தாளை அவனிடம் நீட்டினேன்.
வெகுநேரம் பார்த்தான்.
“மூணு தெருவுக்குச் சேர்த்து ஒரு டேங்கர் வருது” என்றான்.
அவ்வளவுதான் சொன்னான்.

அன்றைக்கு ராத்திரி கரண்ட் இல்லை.
வைகாசிப் புழுக்கம்.
பாயை உதறி வெறும் மணலில் விரித்தோம்.
இங்கிருந்து கடல் தெரியாது,
சவுக்கின் வழியாக
அதன் மூச்சு மட்டும் வரும்.
அவன் புரண்டான். நான் புரண்டேன்.
“இவ்ளோதான் இல்ல?” என்றான் இருட்டில்.
எது என்று நான் கேட்கவில்லை.
விடிந்ததும்
வெள்ளையடித்து மிஞ்சிய சுண்ணாம்பால்
பாயைச் சுற்றிக் கோடு போட்டோம்,
அவன் கால் நீட்டும் பக்கம்
ஒரு சாண் கூட்டி.

அந்துவான் அளந்தார். தலையைச் சொறிந்தார்.
“மொத்தமே இதுவா?”
“மொத்தமே இதுதான். நாலாவது வகை.”
மறுநாள் டிவிஎஸ் ஃபிஃப்டியின் பின்னால்
ஒரே நடையில்
எங்கள் புல்வெளி வந்து இறங்கியது.

மிச்சத்தை என்ன செய்வது என்று
இன்னும் பேசவில்லை.
நேற்றைய காற்றில் கடற்கரையிலிருந்து உருண்டு வந்து
மதிலோரம் சிக்கியிருந்தது
ஒரு ராவணன் மீசை,
முள்ளும் உருண்டையுமாய்.
எடுத்து எறியப் போன பூவராகன்
கொஞ்சம் யோசித்து, இருக்கட்டும் என்று
கையைத் தட்டிக்கொண்டு வந்துவிட்டான்.

நான் ஜக்கைத் தேடுகிறேன்.
இன்றைக்கு மூன்றாம் நாள்.