மூன்று மணிக்கான கட்டம்

தானாகவே எழுதிக்கொள்ளும் இயந்திரம் ஒன்று இருந்தது.
நான்காம் நாளே உப்பு அதைத் தின்றுவிட்டது.
அதனால் வாளி.
மணிக்கொரு முறை கயிற்றோடு வாளியைக் கடலில் எறி,
தோளைப் பிடுங்கும், பிடுங்கட்டும்,
வெப்பமானியை முக்கி அறுபது எண்ணு,
சிவப்பு விளக்கில் படி,
எழுது.
ஒரு பருவத்துக்கான மதிப்பெண் இதில் அடக்கமென்று
கல்லூரியில் கையெழுத்து வாங்கியவர்கள்
கயிற்றைப் பற்றி வாயே திறக்கவில்லை.

நான் நெப்ராஸ்காக்காரன்.
எங்கள் பக்கம் அலையடிப்பது சோளம் மட்டும்,
அதுவும் ஆகஸ்டில்.
ஓடாலிஸ் போன்ஸே துறைமுகத்துப் பெண்,
கப்பல் எவ்வளவு சாய்ந்தாலும்
காபிக் கோப்பையை நேராகப் பிடிக்கத் தெரிந்தவள்.
வலையில் வந்ததை இருவரும் இடுக்கியால் நூறு எண்ணுவோம்:
பாசித்துண்டில் தொற்றிய இறால்குஞ்சு,
கண்ணாடி போன்ற விலாங்குக் குழந்தை,
கடல்மேல் நடக்கிற, இதுவரை கரையே பார்த்திராத பூச்சி.
நூற்றில் பதினெட்டுக்கு உயிரில்லை,
எப்போதும் இருந்ததுமில்லை.
வெள்ளை, நீலம், ஒன்று மட்டும் பொம்மையின் காதுபோல் ஆரஞ்சு.

சான் ஹுவானிலிருந்து வடக்கே பதின்மூன்றாம் இரவு.
வளைகுடா நீரோட்டத்துக்குள் இருந்தோம்,
கடலுக்குள் ஓடுகிற வெந்நீர் ஆறு.
எதிர்க்காற்று. முன்பாயைச் சுருக்க எல்லோரும் மேலே ஏறினார்கள்.
நான் கம்பியைக் கட்டிக்கொண்டு
குடலைத் தவிர எல்லாவற்றையும் கடலுக்குக் கொடுத்துக்கொண்டிருந்தேன்.
இரண்டு மணிக்கு இருபத்தாறு புள்ளி இரண்டு.
அதை எழுதியது நினைவிருக்கிறது.
அடுத்து நிமிர்ந்தபோது மூன்றே முக்கால்.

மூன்று மணிக்கான கட்டம் காலி.
பென்சில் கயிற்றில் ஆடிக்கொண்டிருந்தது.
இருபத்தாறு புள்ளி ஒன்று என்று எழுதினேன்.
ஒரு புள்ளி குறைத்து.
நம்பும்படி இருக்க வேண்டுமல்லவா.

நான்கு மணிக்கு முறை மாறி வந்த கார்விக்
வாளியைத் தூக்கிப் படித்துவிட்டு வெப்பமானியை உதறினான்.
மறுபடி தூக்கினான்.
பத்தொன்பது புள்ளி நான்கு.
அதற்குள் பனிமூட்டம், எல்லோருக்கும் கம்பளிச் சட்டை.
நீரோட்டத்தின் வடக்குச் சுவரைத் தாண்டிவிட்டோமென்று
அடுப்படியில் பெர்டிலா இரண்டு தட்டு கூடுதலாக ரொட்டி சுட்டாள்.

மதியம் ஓடாலிஸ் வரைபடம் போட்டாள்.
மூன்றுக்கும் நான்குக்கும் நடுவே கோடு கிணற்றில் விழுந்தது.
கடல்படத்தில் அந்த இடத்தைத் தேடி
ஒரு பெருக்கல் குறி வைத்தாள்.
"இங்கேதான் அந்த ஆற்றுக்குக் கரை."
அவ்வளவு சந்தோஷம்.

உண்மையில் அது இன்னும் ஆறு மைல் தெற்கே இருந்திருக்கலாம்,
இல்லாமலும் போகலாம்.
மீன் எதுவும் வந்து புகார் செய்யாது.
ஆனால் இருநூற்றுச் சொச்சம் புள்ளிகளையும் பார்த்தேன்.
ஒன்று துள்ளுகிறது, ஒன்று சறுக்குகிறது,
ஒன்று எதற்கென்றே தெரியாமல் மேலே நிற்கிறது.
ஒழுங்காக உட்கார்ந்திருந்தது
என்னுடையது ஒன்றுதான்.

"அந்த மூன்று மணியை நான் பார்க்கவில்லை."

பென்சில் நின்றது.
"எப்போதிருந்து தெரியும் உனக்கு?"
"மூன்றே முக்காலிலிருந்து."
அவள் சிரிக்கவில்லை. திட்டவுமில்லை.
பதிவேட்டை என் பக்கம் தள்ளினாள்.

பதிவேட்டில் எதையும் அழிக்கக் கூடாது.
ஒரே ஒரு கோடு, அடியில் இருப்பது படிக்கும்படி.
பக்கத்தில் முதலெழுத்து.
ஆக இருபத்தாறு புள்ளி ஒன்று அங்கேயே இருக்கிறது,
கம்பிக்குப் பின்னால் நிற்கிறவனைப் போல,
என் பெயரோடு.

கடல்படத்துக் குறியை அவள் ரப்பரால் தேய்த்தாள்.
இரண்டு மணிவரை கோடு வந்தது.
பென்சிலைத் தூக்கி
நான்கில் வைத்தாள்.
நடுவில் பன்னிரண்டு மைல் வெள்ளைத்தாள்.

ஐந்து மணி அடித்தது. என் முறை.
கயிறு தோளைப் பிடுங்கியது.
பதினேழு புள்ளி எட்டு.
விளக்கருகே சாய்த்துப் பார்த்தேன், ஒன்பது போலவும் இருந்தது.
எதை எழுதுவதென்று தெரியாமல்
வாளியில் தளும்புகிற கடலோடு
கொஞ்ச நேரம் நின்றேன்.