எந்த மூட்டை

ஆய்வுகூடத்தின் களவு மென்பொருள்
ஒரு செவ்வாய்க்கிழமை செத்துப்போனது.
உரிமம் முடிந்தது, பணம் கட்டு என்றது திரை.
கேட்ட தொகைக்கு
ஒலுவில் விடுதியில் மூன்று வருசம் சாப்பிடலாம் நான்.

சிஃப்னாஸ் பென்டிரைவில் கிரெட்ல் கொண்டுவந்தான்.
இலவசமாம்.
அந்தச் சொல்லோடு எனக்குப் பழைய கணக்கு உண்டு.
கடல் வந்த வருசம் மருதமுனையில் எங்களுக்குக் கிடைத்த
வாளி, கூடாரம், கொப்பி
எல்லாவற்றிலும் யாரோ ஒருவரின் முத்திரை;
வாளியோடு நிற்கவைத்துப் படமும் எடுத்தார்கள்.

இதிலும் முத்திரையைத் தேடினேன்.
அகப்பட்டது ஒரு எழுத்துக் கோப்பு:
இன்ன தேதி, இன்ன பிழை,
இன்னார் காட்டினார், திருத்தினோம் என்று
பக்கம் பக்கமாய்,
வெட்கமே இல்லாமல்.

சம்மாந்துறைப் பக்கம் நூற்றுப் பன்னிரண்டு வயற்காரர்.
உரம் வராத போகம்.
உரத்தை ஒரு அச்சிலும் விளைச்சலை மறு அச்சிலும் வைத்து
ஓடவிட்டேன்.
புள்ளிகள் கோட்டின் இரு கரையிலும் அடங்கி நிற்க
நாற்பத்தேழாவது மட்டும் வானத்தில்.
உரம் பூச்சியம். விளைச்சல் முதலிடம்.

"தூக்கிவிடு" என்றான் சிஃப்னாஸ்,
"ஒரு சொடுக்கு. குணகத்துக்கு மூன்று நட்சத்திரம்."

நட்சத்திரம் ஆசைதான்.
மறுநாள் மல்கம்பிட்டிக்கு பஸ் ஏறினேன்.

ஆதம்லெவ்வை வாய்க்காலில் கால் கழுவிக்கொண்டிருந்தார்.
"ஏக்கருக்கு முப்பத்தாறு மூட்டை எண்டு சொன்னீங்க."
"ஓம், சொன்னன்."
"உரமில்லாமலா?"
"எத்தின மூட்டை எண்டு கேட்டாய் புள்ள.
எந்த மூட்டை எண்டு கேட்டியா?"

கோழித்தீன் பை ஒன்றை உதறிக் காட்டினார்.
முப்பது கிலோ பிடிக்கும்.
"பெரிய சாக்கு ஆலைக்காரன்ட.
கடன் எடுத்தாத்தான் சாக்குத் தருவான்,
மறுகா நெல்லும் அவனுக்குத்தான், அவன் சொல்ற விலைக்கு.
நான் எடுக்கல்ல."

கடன்.
என் வினாக்கொத்தில் அப்படி ஒரு நிரலே இல்லை.
விடுபட்ட மாறி: வரைவிலக்கணம் எழுதி
பத்துக்குப் பத்து வாங்கியிருக்கிறேன்.
அது கால் கழுவிக்கொண்டு நிற்கும் என்று
யாரும் சொல்லவில்லை.

இரவு விடுதியில் மின்சாரம் போகுமுன்
நிரல்கோவையின் தலையில் தட்டினேன்:
வரி 47. அலகு பிழை, என்னுடையது.
காட்டியவர் ஆதம்லெவ்வை, மல்கம்பிட்டி.

புள்ளி இறங்கி வந்தது. நட்சத்திரமும் ஒன்று உதிர்ந்தது.
கோப்பைத் தரவோடு சேர்த்து சிஃப்னாஸுக்கு அனுப்பினேன்,
அவன் என்னைப் பைத்தியம் என்றான்,
பிறகு, எத்தனை மணிக்கு பஸ் என்றான்.

இன்னும் நூற்றுப் பதினொரு பேர்.
எந்த மூட்டை,
யாருடைய மூட்டை.