அனுப்புநர்

பிப்ரவரி. தாலின் துறைமுகத்தில்
பனி உடைக்கும் கப்பல்
பல்லைக் கடித்துக்கொண்டு நகர்கிற சத்தம்
மூன்றாம் மாடிவரை கேட்கிறது.
மணி இரண்டேகால்.

கப்பல் சீட்டு விற்கும் எங்கள் சர்வரில்
யாரோ கடவுச்சொல்லைத் தட்டித் தட்டிப் பார்க்கிறார்கள்,
நிமிடத்துக்கு நானூறு முறை.
பதிவேட்டைத் திறந்தேன்.
பத்து, நாற்பத்திரண்டு, பூஜ்யம், ஒன்று.
அடுத்த வரி:
பத்து, நாற்பத்திரண்டு, பூஜ்யம், ஒன்று.
திருடனும் அதுதான்.
ஹெல்சின்கிக்குப் பல் பிடுங்கப் போகிறவரும் அதுதான்.

காவல் நிரல் யோசிக்கவில்லை.
ஒரே ஆளா இத்தனை தட்டு என்று
அந்த ஒன்றைத் தடைசெய்தது.
மூட்டைப்பூச்சிக்குப் பயந்து
வீட்டைக் கொளுத்திய கதை.
லோட் பேலன்சரைத் தாண்டி
உள்ளே வரும் எவருக்கும்
நாங்களே மாட்டிவிடும் சட்டை அது.
நாடே வெளியில் நின்றது.

மெஹிஸ் கறுப்பு ரொட்டியில்
கிலு மீனை அடுக்கியபடி சொன்னான்:
"யாருக்காக வந்தேன் என்று
தலைப்பில் எழுதிக்கொண்டு வரட்டுமே."
உறையின் மூலையில் அனுப்புநர் என்று
யாரும் எதையும் எழுதலாம், மெஹிஸ்.
திருடனுக்குக் கையெழுத்து
நன்றாகவே இருக்கும்.

கடைசியில் மாற்றியது ஒரே ஒரு சொல்.
கிளஸ்டர் என்றிருந்த இடத்தில் லோக்கல்.
வந்த பொதியை வந்த இடத்திலேயே வாங்கு;
பக்கத்து இயந்திரத்துக்குத் தள்ளிவிடும் சாக்கில்
வந்தவன் பெயரை அழித்து
உன் பெயரை எழுதாதே.

பாதிப் பேருக்குச் சீட்டு வந்தது.
பாதிப் பேருக்கு மௌனம்.
ஐந்து இயந்திரங்களில் இரண்டில்
கன்டெய்னரே இல்லை,
தட்டினால் திறக்க ஆளில்லாத வீடுகள்.
இருக்கிறாயா என்று லோட் பேலன்சர்
தப்பான போர்ட்டில் கேட்டுக்கொண்டிருந்தது.
மெஹிஸ் தன் வொரு வட்டாரப் பேச்சில்
ஒரு கெட்ட வார்த்தை சொல்லிச் சரிசெய்தான்.
மணி மூன்று ஐம்பது.

பிறகு வந்தார்கள்,
அவரவர் எண்ணோடு.
தார்த்துவில் ஒருவர். நார்வாவில் இருவர்.
சாரெமா தீவில் தூங்காத யாரோ.
திருடன் தனியாகத் தெரிந்தான்,
எங்கோ வாடகைக்கு எடுத்த சர்வரில்.
அவனை மட்டும் நிறுத்தினேன்.
மெஹிஸ் கைதட்டினான்.

அவனுக்கு இரண்டு வரி கீழே
நாற்பத்தேழில் முடியும் ஓர் எண்.
கலமாயாவில் எங்கள் வீடு.
மாறாத எண்தான் வேண்டும் என்று
மாதம் இரண்டு யூரோ கூடக் கொடுத்து
வாங்கியவள் நான்.
காலை ஆறு மணிக் கப்பல்.
ஒரு ஆள். ஒரு வழி.
மிதிவண்டிக்கு இடம் உண்டா
என்றும் ஒரு தேடல்.

ஒன்றரை மணிநேரமாக
ரெய்னும் வெளியில்தான் நின்றிருக்கிறான்,
ஊரார் சட்டையைப் போட்டுக்கொண்டு.
திரும்ப ஏற்றிப் பார்த்தேன்:
பணம் செலுத்தும் பக்கம்.
இன்னொருமுறை:
உறுதி செய்யப்பட்டது.

"பதிவுகளை எத்தனை நாள் வைக்கணும், உர்வே?"
முப்பது என்றேன்.
"அப்புறம்?"
தானாக அழிந்துவிடும்.
அவன் நீட்டிய ரொட்டியை
வாங்கிக் கடித்தேன்.
மீனில் உப்பு அதிகம்.