எட்டு

இரவு இரண்டே கால்.
இஸ்திரிப் பெட்டி சூடேறுகிறது.
மில்வாக்கியின் ஏரிக்காற்று
சமையலறை ஜன்னலைப் பிடித்து உலுக்குகிறது.
லவோன் குளியலறைத் தரையில்
முழங்காலைக் கட்டிக்கொண்டு கிடக்கிறான்.
நான் அவனுடைய நீலச் சட்டைக்குக்
காலர் தேய்த்துக்கொண்டிருக்கிறேன்.

போன வருடம் தொப்பி வைத்த சாம்பல் பனியனோடு போனோம்.
வரவேற்பில் இருந்தவள் அவனைப் பார்த்தாள்,
பிறகு காவலாளியைப் பார்த்தாள்.
அந்த இரண்டு பார்வைக்கும் நடுவில்
ஐந்து மணி நேரம் உட்கார்ந்திருந்தோம்.

அதிலிருந்து சட்டை.
அதிலிருந்து கழுத்தில் பள்ளிக்கூட அட்டை:
லவோன் பெட்டிஃபோர்ட், வேதியியல் ஆசிரியர்.
கண் சிவந்திருக்கக் கூடாதென்று சொட்டு மருந்து.
வாய்க்கு ஒரு புதினா மிட்டாய்.
எங்கள் கல்யாணத்துக்குக்கூட
இவ்வளவு பார்த்துப் பார்த்து அவன் உடுத்தவில்லை.

காரில் எண்ணைப் பேசி முடிக்கிறோம்.
ஒன்றிலிருந்து பத்துக்குள் வலி எவ்வளவு என்பார்கள்.
பத்து என்றால் நடிப்பு.
ஆறு என்றால், அப்படியானால் இருங்கள்.
ஒன்பது சொன்ன அன்று,
ஒன்பது வலிக்கிறவர் இப்படிக் கோவையாகப் பேசமாட்டாரே
என்றார் ஒரு டாக்டர்.
எட்டு என்று சொல், என்கிறேன்.
எட்டு, என்கிறான் பல்லைக் கடித்துக்கொண்டு,
ஒத்திகை பார்ப்பவனைப் போல.
யாருக்கும் எட்டாத எட்டு.

அரிவாளாக வளைந்துபோன சிவப்பணுக்கள்
அவன் இடுப்பெலும்புக்குள் இறங்கி
அறுத்துக்கொண்டிருக்கின்றன.
வெளியே ஒன்றும் தெரியாது.
வீக்கமில்லை, காயமில்லை,
காட்டுவதற்கு ஒரு கீறல்கூட இல்லை.
எங்கள் கையில் இருப்பது எங்கள் சொல் மட்டும்.
அந்தக் கவுன்ட்டரில் அது செல்லாத நோட்டு.

பனிச்சறுக்கில் கணுக்கால் பிசகியவர்
எங்களுக்குப் பின்னால் வருகிறார்,
எங்களுக்கு முன்னால் உள்ளே போகிறார்.
அவர்மேல் கோபமில்லை. அவருக்கும் வலிக்கிறது.
தாராளமாக, கூரை அதிரக் கத்துகிறார்.
அந்தக் கத்தலைப் பார்த்துத்தான்
எனக்குப் பொறாமை.

லவோன் கத்தமாட்டான்.
கத்தினால் காவலாளி எழுந்து நிற்பான்.
சிரிக்கவும் மாட்டான்,
சிரித்தால் வலியில்லை என்று கணினியில் ஏறிவிடும்.
தன் மருந்தின் பெயரை
வேண்டுமென்றே தப்பாக உச்சரிப்பான்,
மாணவர்களுக்கு அதே மூலக்கூறை
கரும்பலகையில் வரைந்து காட்டுகிறவன்.
சரியாகச் சொன்னால்
உனக்கு எப்படி இவ்வளவு தெரியும் என்று கேட்பார்கள்.

விடியும் நேரத்தில் ஷிஃப்ட் மாறி
ஆர்னெட்டா என்றொரு செவிலி வருகிறாள்.
கோப்பைப் படிக்கிறாள். எண் எதுவும் கேட்கவில்லை.
முதலில் சூடான போர்வை ஒன்று.
ஊசி குத்த, சட்டைக் கையை
மடிப்புக் கலையாமல் மேலே சுருட்டுகிறாள்.
"நல்லாத் தேய்ச்சிருக்கீங்க," என்கிறாள் என்னிடம்.
கொஞ்ச நேரம் கழித்து, மருந்துப் பையைத் தட்டிவிட்டபடி,
"என் தம்பி டை கட்டிக்கிட்டுப் போவான்."

அது ஜனவரி.

நேற்று நள்ளிரவு
நைலா எங்கள் கதவருகே வந்து நின்றாள்.
ஆறு வயது. என் ரத்தத்தில் பாதி, அவன் ரத்தத்தில் பாதி,
இரண்டு பாதியும் சேர்ந்து அவளுக்கு முழுசாக வந்துவிட்டது.
வலது கையை இடது கையால் ஏந்தியிருந்தாள்,
குருவிக் குஞ்சைப் பிடிப்பதுபோல.
அழவில்லை.
"அம்மா, எந்த கவுன் போட்டுக்கணும்?"

நான் இஸ்திரிப் பெட்டியைத் தொடவில்லை.
முயல் படம் போட்ட இரவு உடையோடு,
ஒற்றைக் காலுறையோடு
அப்படியே தூக்கிக்கொண்டு ஓடினேன்.
இப்படியே பார்க்கட்டும், இப்படியே நம்பட்டும் என்று
யாருமில்லாத தெருவில் உரக்கச் சொன்னேன்.
லவோன் பேசாமல் வண்டியை எடுத்தான்.

ஆனால் கேப்பிட்டல் டிரைவில்
சிவப்பு விளக்குக்கு நின்றபோது
என் கை, என்னைக் கேட்காமல்,
எச்சில் தொட்டு
அவள் நெற்றி முடியைப்
படியவைத்துக்கொண்டிருந்தது.