டைட்டில் விழுவதற்கு முன்

முகத்தைக் காட்டவில்லை முதலில்.
ஒரு ரப்பர் செருப்பு, வாரில் ஊக்கு,
பின்னாலேயே ஓடும் கேமரா.
முன்வரிசைப் பையன்கள்
கிழித்து வைத்த பேப்பரைக் கையில் பொத்தி
எந்த நொடியில் வீசுவதென்று தெரியாமல்
ஒருவனையொருவன் பார்த்துக்கொண்டார்கள்.

காட்பாடியில் ரெண்டாம் ஆட்டம்.
கத்திரி பிறந்து பதினோராம் நாள்.
நான் வந்தது ஏசிக்கு.
மருந்துக் கடையில் பகல் முழுக்கச்
சீட்டு படித்துப் படித்து
கண்ணுக்குள் எழுத்து ஊர்ந்துகொண்டிருந்தது.

செருப்பு ஸ்டேஷன் படி இறங்குகிறது.
ஹவுரா வண்டி வந்திருக்கிறது.
ரெண்டு ராத்திரி உட்கார்ந்தே வந்த வீங்கிய கால்கள்,
கயிறு கட்டிய அட்டைப்பெட்டி,
எக்ஸ்ரே கவரைக் குழந்தை போல அணைத்த ஒருத்தி.
கும்பலுக்கு மேலே ஒரு கை எழுகிறது,
உள்ளங்கையில் பேனாவால் எழுதிய போன் நம்பர்.
"எதிகே ஆசுன், எதிகே."
இந்தப் பக்கம் வாங்க.

கதாநாயகியின் முதல் வசனம்
அவள் மொழியில் இல்லை.
பக்கத்து சீட்டுக்காரர் கேட்டார்: டப்பிங் படமா?
இல்லைங்க, நம்ம ஊருதான்.
பாபு ராவ் தெருவில் லாட்ஜுக்கு லாட்ஜ்
இப்படி ஒருத்தி இருப்பாள்,
பத்தாவது எழுதிவிட்டு ரிசல்ட் வரும் வரைக்கும்
நோயாளிக்கு வாயாக, டாக்டருக்குக் காதாக.
நாளைக்கு முந்நூறு, மதியச் சாப்பாடு.

தப்பும் விட்டிருக்கிறார்கள்.
பாலாற்றுப் பாலம் சரி, தண்ணீர் இல்லாததும் சரி,
அப்புறம் ஆட்டோ கோட்டை அகழியைச் சுற்றுகிறது.
ஆஸ்பத்திரியைத் தாண்டிப் போய்த் திரும்ப
எந்த டிரைவருக்குக் கிறுக்கு?
அழகுக்காகச் சுற்றிய வகையில்
எழுபது ரூபாய் அந்த ஏழைகளுக்கு நஷ்டம்.

லாட்ஜ்காரர் போனில் கத்தும்போதுதான் பெயர்: பியூலா.
இன்னும் முகமில்லை.

டாக்டர் அறை.
மேசைக்கு இந்தப் பக்கம் எண்ணெய் வைத்த ஒற்றைச் சடை.
அவர் குரலைத் தாழ்த்தித் தமிழில் சொல்கிறார்:
"மூணு மாசம். அதுக்கு மேல கஷ்டம்.
அவங்களுக்குச் சொல்லிடும்மா."
சடை அசையவில்லை.
பதினாறு வயசுக்கு எவ்வளவு நேரம் தேவையோ
அவ்வளவு நேரம் மின்விசிறி மட்டும் சுற்றுகிறது.
பிறகு, அந்த மனைவியின் பக்கம் திரும்புகிறாள்.
அப்போதுதான் முகம்.
மேலுதட்டில் வியர்வை. புருவத்தில் ஒரு வெட்டுக்காயம்.

"பொய் நேய்," என்கிறாள். "சொமொய் ஆச்சே."

திரைக்குக் கீழே எழுத்து ஏதும் வரவில்லை.
வேண்டுமென்றே விட்டிருக்கிறார்கள்.
பாதித் தியேட்டர் 'உச்' கொட்டியது.
அவள் சொல்லிவிட்டாள் என்றே நினைத்தார்கள்;
சமயம் ஆச்சே, எல்லாம் ஆச்சே என்றுதானே
நம் காதில் விழும்.
பதினொரு வருஷம் கவுன்டரில் நின்று
வங்காளம் கேட்டவன் நான்.
அவள் சொன்னது:
பயம் இல்லை. நேரம் இருக்கிறது.

தமிழ்க் காதுக்குப் பொய் என்று முதலிலேயே சொல்லிவிட்டு
ஆற அமரப் பொய் சொன்னாள்.
யாருக்கு எது புரிந்ததோ
அது அவரவர் வீட்டுப் பாடு.

மனைவி சிரித்தாள்.
பையிலிருந்து ஒரு பிடி பொரி எடுத்து நீட்டினாள்.
பியூலா வாங்கி வாயில் போட்டு மெல்கிறாள்.
மெல்லும் சத்தம் மட்டும்.
கறுப்பு.
டைட்டில்.

பேப்பரை யாரும் வீசவில்லை.

அதற்கப்புறம் ரெண்டு மணி நேரம்
என்ன நடந்ததென்று என்னைக் கேட்காதீர்கள்.
நான் எண்ணிக்கொண்டிருந்தேன்:
வலிக்கு மட்டும் மருந்து எழுதிய சீட்டைச்
சிரித்த முகத்தோடு என்னிடம் நீட்டியவர்கள் எத்தனை பேர்,
அவர்களுக்குப் பக்கத்தில்
என் கண்ணைப் பார்க்காமல்
மிட்டாய் ஜாடியையே பார்த்துக்கொண்டு நின்ற
பிள்ளைகள் எத்தனை பேர் என்று.