மேல்விலங்கு

ஒடிற் வருகிற கிழமை
சுவருக்கு வெள்ளை அடித்தார்கள்.
கழிவறைக்குச் சவர்க்காரம் வந்தது.
ஏழாம் லைனுக்கு மேலே
மூன்று மொழியில் ஒரு பலகை ஏறியது.

சிங்களம் சரியாம், நிரோஜினி வாசித்துச் சொன்னாள்.
ஆங்கிலத்தில் றெஸ்பெக்ற்.
தமிழில் மட்டும்
மகரத்தின் தலையில் ஒரு மேல்விலங்கு
எங்கிருந்தோ வந்து விழுந்து
மிதிப்பு
என்றிருந்தது.

நானூறு பேர் வாசித்தோம்.
மல்லாவி பஸ், தருமபுரம் பஸ், முழங்காவில் பஸ்,
மூன்றிலும் வந்து இறங்கியவர்கள் வாசித்தோம்.
ஒருத்தியும் ஒப்பிசுக்குப் போய்ச் சொல்லவில்லை.
பிழை என்று எப்படிச் சொல்வது?
ஏழரைக்கு மெசினடியில் இருந்தால்
பின்னேரம் வரைக்கும்
கால் செய்கிற வேலை அதுதானே.

அந்த ஆங்கிலச் சொல் எனக்கு முந்தியே பழக்கம்.
அம்மாவின் கண் ஒப்பரேசனுக்கு
மூன்று நாள் லீவு கேட்டிருந்தேன்.
பதில் கடிதம் இப்படித் தொடங்கியது:
வித் றெஸ்பெக்ற் ரு யுவர் லீவ்.
பஸ்ஸில் ஜன்னலோரம் இருந்து
அந்த ஒரு துண்டை நாலுதரம் வாசித்தேன்.
என் லீவுக்கே மரியாதை செய்கிறவர்கள்
எனக்குச் செய்யமாட்டார்களா?
முறிகண்டியில் கற்பூரப் புகை ஜன்னலால் வந்தது,
ஒரு கும்பிடும் போட்டேன்.
பிறகுதான் போனில் அகராதியைத் திறந்தேன்.
மதிப்பு, மரியாதை, கனம்,
கீழே இன்னும் கீழே
'குறித்து'.
உங்கள் லீவு குறித்து.
அவ்வளவுதான் அது.
மிச்சக் கடிதத்தை வீட்டு விளக்கில் வாசித்தேன்.
ஒரு நாள் தந்திருந்தார்கள்.

சுப்பவைசர் லசந்த கெட்டவன் இல்லை.
தெற்கிலிருந்து வந்தவன்,
எங்களிடம்தான் தமிழ் எடுத்தான்.
வா, போ, தை, கெதி,
இன்னும் ஒரு முப்பது சொல்.
'ங்கோ' மட்டும் அவனிடம் இல்லை.
இதையும் நான் எழுதத்தான் வேண்டும்:
வந்த முதல் மாதம் ஒருநாள்
எங்கேயோ கேட்டு வந்து
"இருங்கோ" என்றான்.
லைன் முழுக்கச் சிரித்தோம்,
நூல் அறுந்து மெசின் நிற்கிற அளவுக்கு.
அடுத்த நாளிலிருந்து
'இரு'.

ஒடிற் நாள்.
கோப்பும் கையுமாய் ஒரு வெள்ளைக்காரி
குணசீலியின் மெசினடியில் நின்றாள்.
குணசீலிக்கு வலது முழங்காலுக்குக் கீழே
ஜெய்ப்பூர்க் கால்.
பெடலில் அவளுடைய வேகம்
எங்கள் ஒருவருக்கும் இல்லை,
மணிக்குத் தொண்ணூறு இடுப்புப்பட்டி.
வெள்ளைக்காரி மெதுவாய், அன்பாய் என்னவோ கேட்டாள்.
எச்.ஆர். பெடியன் தொண்டையைச் செருமினான்:
"உங்களுக்கு இஞ்ச மதிப்பு இருக்கோ எண்டு
மடம் கேக்கிறா."

குணசீலி நிமிர்ந்து
பலகையைப் பார்த்தாள்.
குனிந்து
பெடலைப் பார்த்தாள்.
"ஓம். எழுதியே போட்டிருக்கு."

ஏழாம் லைனில் தொடங்கிய சிரிப்பு
ஆறு, ஐந்து என்று போய்
அயன் பகுதிவரை கேட்டது.
வெள்ளைக்காரியும் சிரித்தாள்,
கோப்பில் ஒரு சரி போட்டாள்.
லசந்த மட்டும் சிரிக்கவில்லை.
பலகைக்குக் கீழே நின்று
ஒவ்வொரு எழுத்தாய்
வாய் அசைத்துக் கூட்டிக்கொண்டிருந்தான்.
கேட்டால் சொல்லியிருப்பேன்.
அவன் கேட்கவில்லை.
நானும் எழும்பிப் போகவில்லை,
இன்னும் நாற்பது உருப்படி கிடந்தது.

ஆறு மணி பஸ்.
"ஏறுங்கோ, உள்ளுக்குப் போங்கோ,
இன்னும் உள்ளுக்குப் போங்கோ அக்கா" என்று
கொண்டக்ரர் முதுகில் கைவைத்துத் தள்ளுகிறான்.
லைற் எரியவில்லை.
வேர்வை, மீன் பை, யாரோ ஒருத்தியின் மல்லிகை.
மாங்குளம் சந்தியில் பிறேக் போட
ஒரு முழுப் பாரம்
என் சின்னவிரலில் ஏறி இறங்கியது.
இருட்டுக்குள் முகம் இல்லை,
குரல் மட்டும்:

"மிதிச்சுப்போட்டன்,
குறை நினையாதேங்கோ."